இந்த வாரம் வாழைப்பழம் உண்டா?

புளியஞ்சோலையில் ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் போதும். மறுநாள் விடிவதற்குள் திண்ணையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலைந்து இளநீரும் வந்து சேர்ந்துவிடும். கொல்லிமலை அடிவாரம், ஐயாற்றுத் தண்ணீர், தென்னையும் பாக்கும் வாழையும். ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்தும் துறையூரிலிருந்தும் குளிக்க வருகிறவர்களுக்கு இது சுற்றுலாத் தலம். எங்களுக்கு, கையில் காசில்லாத நாளிலும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க ஏதாவது விளைந்து நிற்கிற ஊர். அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்ற சேதி பரவியதும் ஆகாய கங்கைப் பாதை வழியாக மலைமேலிருந்தும் ஆட்கள் நடந்து இறங்கி வந்தார்கள். வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை.

அந்த வாழைப்பழமும் இளநீரும் ஒரு பருவத்தில் அப்பாவுக்கு வேண்டியதாக இருந்தன. அடுத்த பருவத்தில் அவற்றை வீட்டுக்குள் விடவே நாங்கள் பயந்தோம். பழம் அதேதான், மாறியது அவர் ரத்தத்தில் இருந்த பொட்டாசியம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் பற்றி எரியும் என்று வருடாவருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிற எனக்கே, அது ஒரு மனிதரின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அதுவரை யோசிக்கத் தோன்றியதில்லை.

நோய் தெரிந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தமிழ்நாட்டுக்கு அது ஒரே கதைதான். மலத்தோடு ரத்தம். மூலம் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பாவும் நம்பினார். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு லேகியம், பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும் மூல வைத்தியம் எல்லாம் முடிந்து, உடம்பு வெளுத்து, எடை இறங்கிய பிறகுதான் திருச்சியில் கொலோனோஸ்கோப்பி. முதலில் கதிர்வீச்சு, பிறகு அறுவை. முதல்வரின் காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கைகொடுத்தது. கட்டியோடு மலக்குடலின் பெரும்பகுதியை எடுத்து மிச்சத்தை இணைத்தார்கள். இணைத்த இடம் ஆறும்வரை மலம் அந்த வழியே போகக் கூடாது என்பதற்காகச் சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் தைத்தார்கள். அதன்மேல் பை.

அந்தப் பையைப் பற்றி எங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒட்டுவது எப்படி, கழுவுவது எப்படி, தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான். பெருங்குடலுக்கு என்ன வேலை என்பதை நாங்களாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிறுகுடலிலிருந்து தண்ணீராக இறங்குவதிலிருந்து நீரையும் உப்பையும் உறிஞ்சிக் கெட்டியாக்குவது அதன் வேலை. அது சும்மா கிடக்கும்போது அந்த நீரும் உப்பும் நேரே பைக்குள் போகும். அம்மா ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை வாங்கி வைத்து, பையைக் காலிசெய்யும்போதெல்லாம் அளந்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் மில்லி. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் போன் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

மாசியில் தாண்டியது. அதோடு அப்பாவுக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. ராத்திரியில் கத்துவார், அம்மா எழுந்து தைலம் தேய்ப்பாள். பிறகு கட்டிலில் இருந்து எழவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. "காலு என்னுதாவே தெரியல கண்ணு" என்றார். நெஞ்சு படபடக்கிறது என்றும் சொன்னதால் அன்றைக்கே வண்டி பிடித்தோம். பொட்டாசியம் 2.6. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. அந்தச் சிறிய இடைவெளிக்குள் நின்றால்தான் தசை சுருங்கும், விரியும், இதயமும் தசைதான். இ.சி.ஜி. தாளைக் காட்டி ஒரு பயிற்சி மருத்துவர், மேடாக நிற்க வேண்டிய அலை படுத்துக் கிடப்பதைச் சுட்டினார்.

பொட்டாசியம் ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. நர்ஸ்கள் கே.சி.எல். என்பார்கள். பெரிய பாட்டில் சலைனில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் போகும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அதனால் "அவசரப்படுத்தாதீங்க, ரோலரைத் தொடாதீங்க" என்று மூன்று ஷிஃப்ட் நர்ஸ்களும் தனித்தனியாக எச்சரித்தார்கள். ஊசி போட்ட நரம்பு வழியே முழங்கை வரை எரியும். மிளகாய் அரைத்த கைபோலக் காந்துகிறது என்று அப்பா கையை உதறிக்கொண்டே இருந்தார். வாய் வழியாக சிரப். 15 மில்லியில் 20 மில்லி ஈக்விவலென்ட்; நடுத்தர வாழைப்பழம் இரண்டில் இருக்கிற அளவு. தண்ணீரில் கலக்காமல் குடித்தால் வயிறு எரியும், கலந்து குடித்தால் வாய் கசந்து உமட்டும். அப்பாவுக்கு இரண்டும் நேர்ந்தது.

ஏற்றியும் நிற்கவில்லை. மறுநாள் 2.9, அதற்கடுத்த நாள் திரும்ப 2.7. அப்போதுதான் மக்னீசியம் பார்த்தார்கள். அதுவும் குறைந்திருந்தது. மக்னீசியம் இல்லாவிட்டால் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாது. எவ்வளவு ஊற்றினாலும் சிறுநீரில் போய்விடும். மக்னீசியம் ஏற்றிய பிறகுதான் எண் மேலே நகர்ந்தது.

ஆனால் எனக்கு விளங்கவே விளங்காமல் இருந்த விஷயம் வேறு. சிறுகுடல் நீரில் பொட்டாசியம் அவ்வளவு அதிகம் கிடையாது. அதில் நிறைய இருப்பது சோடியம். ஒரு லிட்டர் வெளியேறினால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சமையல் உப்பு அதோடு போகிறது. அப்படியிருக்கப் பொட்டாசியம் ஏன் இறங்கியது? வார்டு ரவுண்டு முடிந்து நின்று பதில் சொன்னவர் ஒரு டாக்டரம்மா. சோடியம் குறைந்ததும் உடம்பு பதறிப்போய் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "உப்பை விடாதே" என்பது சிறுநீரகத்துக்கு அது சொல்லும் சேதி. சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். "நீங்க வாழைப்பழமா கொடுத்தாலும் அது ஒரு பக்கம் வர, இன்னொரு பக்கம் போகும். முதல்ல உப்புக் கொடுங்க. வெறும் தண்ணி குடிக்கிறதைக் குறைங்க" என்றார்.

வெறும் தண்ணீரைக் குறைப்பதா! வயிற்றாலை போகிற மனிதருக்கு ஊரே சொல்கிற முதல் வைத்தியம் தண்ணீர். டாக்டரம்மா விளக்கினார்: உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் போனால், குடல் சுவர் உள்ளிருந்து உப்பை எடுத்து அந்த நீரில் விடும், நீர் அந்த உப்பையும் சுமந்துகொண்டு பையில் இறங்கும். குடிக்கக் குடிக்க வறளும். இளநீரும் கிட்டத்தட்ட இதே வகைதான். பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். அதனால் கலவை எழுதிக்கொடுத்தார்: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரில் உலகமெங்கும் குடல் நோயாளிகளுக்குக் கொடுக்கிற கலவை அது. நாள் முழுக்க இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மற்ற பானங்களுக்குக் கணக்கு உண்டு.

அப்பா சிரித்ததை அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அவருக்கு ரத்தக்கொதிப்பு. வருடக்கணக்காக அம்மா அவருக்குத் தனியாக உப்புக் குறைத்த குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஊறுகாய் ஜாடி பரணில் ஏறியிருந்தது. "உப்பைக் கண்ணுல காட்டாம என்னைய வளத்தா உங்கம்மா. இப்பப் பாரு, உப்பு தின்னாத்தான் உசிரு நிக்குமாம்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் பத்தியம் காத்தவளிடம் கஞ்சியில் இன்னொரு சிட்டிகை போடு என்றால் கை எப்படி வரும்? போடுவாள், ருசி பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் நீட்டுவாள்.

வீட்டில் குளுக்கோஸ் தீர்ந்த நாட்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதை எப்படிக் கரைப்பது என்று நம் ஊரில் இன்னமும் சரியாகத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டருக்கு. எங்கள் அத்தை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் தட்டி, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். அளவு தப்பினால் அது வேறு திரவம். 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்ற சலைன் தீர்ந்துபோனபோது, திலிப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்களில் வைத்து, உறவினர்களே நோயாளிக்குப் புகட்டும்படி செய்தார். அவர் 2022இல் இறந்தார். மறுவருடம் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். குடலில் குளுக்கோஸ் கூட இருந்தால் சோடியம் எளிதாக உள்ளே நுழையும் என்ற ஒரே விஷயத்தின்மேல் நிற்கிற மருந்து இது. எங்கள் அடுப்படியில் அதே விஷயம்தான் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தது. இப்போதைய பொட்டலத்தில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடும் இருக்கிறது.

உணவு விஷயத்தில் ஊரோடு எங்களுக்குப் பெரிய தகராறே வந்தது. கொல்லிமலை என்றால் சாமை, தினை, கேழ்வரகு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் வருடக்கணக்காக அந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்தது. பட்டணத்துக்காரர்கள் அவற்றைத் தேடி வந்து வாங்குகிறார்கள். எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்ததோ இதற்கு நேரெதிர்: பாலிஷ் செய்த வெள்ளை அரிசி, இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, முட்டை, மீன், தயிர். நார் வேண்டாம், கீரைத்தண்டு வேண்டாம், தேங்காய்த் துண்டு வேண்டாம், காளான் வேண்டாம், பலா வேண்டவே வேண்டாம். குடல் வாய் குறுகலாக இருக்கும், நார் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பலாச்சுளை மணம் ஊரெல்லாம் அடிக்கிற மாதத்தில் அப்பா பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பார்க்காமல் உள்ளே வந்து படுத்துக்கொள்வார். வாழைப்பழமும் வேகவைத்த மரவள்ளியும் மட்டும் எல்லோருக்கும் சம்மதம். பையில் இறங்குவதை அவை கெட்டியாக்கும்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப்போடு வந்தவர் அப்பாவின் மலைச் சிநேகிதர். "மூட்டுக்கே இது இப்பிடிக் கேக்குதுன்னா கொடலுக்குக் கேக்காதா அண்ணே" என்றார். மறுக்க முடியாமல் வாங்கி வைத்தோம். கீமோ ஓடும்போது எது ஈரலில் என்ன செய்யும், சிறுநீரகத்தில் என்ன செய்யும் என்று அளந்து பார்க்காத எதையும் கொடுக்காதீர்கள் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. சூப்பைக் குடித்தது நான்தான். மிளகு தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

கீமோ மூன்று வாரச் சுற்று. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப். பிறகு பதினான்கு நாள் காலையும் இரவும் கேபசிட்டபைன் மாத்திரை. ஒரு வாரம் ஓய்வு. ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் மின்சாரம் பாயும், குளிர்ந்த நீர் பட்டால் தொண்டை இறுகி மூச்சு நின்றது போலிருக்கும். பிறந்ததிலிருந்து ஐயாற்றில் குளித்த மனிதர், மே மாதத்தில் வெந்நீரில் கை கழுவினார். குளிக்க வந்த கூட்டத்தில் குழந்தைகள் தண்ணீரை வாரி இறைப்பதைப் பார்த்தாலே கையைக் கக்கத்தில் செருகிக்கொள்வார்.

மாத்திரைக்கு வயிற்றாலை போவது எதிர்பார்த்ததுதான். சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டது. பையில் இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கியது. லோபரமைட் கொடுத்தோம், உப்புக் கலவை கொடுத்தோம். சிறுநீர் குறைந்து, டீக் கஷாய நிறத்துக்கு வந்தது. அப்பா களைத்திருந்தார், அவ்வளவுதான். கால் இழுக்கவில்லை, படபடப்பு இல்லை. மறுபடியும் பொட்டாசியம் இறங்கியிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அத்தை இளநீர் வெட்டக்கூட அரிவாளைத் தேடினார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் 6.3. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் மூன்றைத் தாண்டியிருந்தது.

எங்கிருந்து ஏறியது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். உடம்பு வறண்டதும் சிறுநீரகம் வேலையைக் குறைத்துவிட்டது. உள்ளே வருகிற பொட்டாசியம் வெளியேற வழியில்லை. சிரப் தொடர்ந்துகொண்டிருந்தது. ரத்தக்கொதிப்புக்குப் போடுகிற டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தைத் தேக்கும் வகை. போதாததற்குச் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா, அண்ணனுக்கு நல்லது என்று வாங்கிவந்த சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டின் பின்னால் அச்சடித்துத்தான் இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும் எழுத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல எண்ணத்தில் வந்தது.

2.6இல் கத்திய மனிதர் 6.3இல் அமைதியாகப் படுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகால் சில்லிடுகிறது. இ.சி.ஜி.யில் முன்பு படுத்துக் கிடந்த அதே அலை இப்போது கூடாரம் போல் கூராக நின்றது. கால்சியம் குளுக்கோனேட் ஊசி, இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், மூக்கில் நெபுலைசர். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்துக்குக் காவல் நிற்கிறது; இன்சுலினும் நெபுலைசர் மருந்தும் பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்களுக்குள் தள்ளுகின்றன; சலைன் ஏறி, சிறுநீர் பிரிந்தால்தான் அது உண்மையில் வெளியேறும். மறுநாள் மாலை சிறுநீர்ப் பையில் நிறம் வெளுத்து அளவு ஏறியதைப் பார்த்து அம்மா கும்பிட்டாள். அந்தச் சுற்று மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த சுற்றில் அளவைக் குறைத்தார்கள்.

வீடு திரும்பும்போது கையில் புதுத் தாள். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, தக்காளி, முருங்கைக்கீரை தவிர்க்கவும். பழைய தாளில் பொட்டாசியத்துக்காகச் சேர்க்கச் சொன்ன பெயர்களில் பாதி இதில் தவிர்க்கச் சொன்ன பட்டியலில் இருந்தன. இரண்டு தாளும் ஒரே அச்சு, ஒரே லோகோ, ஒரே பச்சை மை. அம்மா இரண்டையும் காலண்டர் ஆணியில் மாட்டினாள். எந்தத் தாள் மேலே இருக்கிறதோ அதுதான் அந்த வாரச் சட்டம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் நான் போனில் கேட்டு, தாளை மாற்றி மாட்டச் சொல்வேன். ஊர்க்காரர்கள் வாசலில் நின்று கேட்பார்கள்: "இந்த வாரம் வாழைப்பழம் உண்டா, இல்லையா?"

இந்தக் காலத்தில் அம்மா கற்றது, காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிப்பது. பொட்டாசியத்தில் கணிசமான பங்கு நீரோடு போய்விடும். சத்துத் தண்ணீரைக் கொட்டாதே என்று எனக்குச் சொல்லி வளர்த்தவள், முற்றத்தில் அதைக் கவிழ்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது முணுமுணுப்பாள். மரவள்ளிக்கு மட்டும் புலம்பல் இல்லை. அதை வேகவைத்து நீரை வடிப்பது எங்கள் பக்கத்தில் காலகாலமாக உள்ள வழக்கம்.

இன்னொன்று, எங்களை ஒரு பகல் முழுக்க ஆட்டிவைத்தது. துறையூர்வரை அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம் என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க ஒரு லேப் பையன் சம்மதித்தான். எடுத்த குப்பியைச் சட்டைப்பையில் போட்டு, நடுவில் இன்னும் இரண்டு வீடு முடித்து, பைக்கில் கொண்டு போனான். பொட்டாசியம் 6.8. பறந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே எடுத்த ரத்தத்தில் 4.4. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. குப்பி குலுங்கி, வெயிலில் தாமதித்து, சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டி, நோயாளிக்கு இல்லாத பொட்டாசியத்தை இயந்திரம் காட்டும். அதிலிருந்து எவ்வளவு கஷ்டமானாலும் ரத்தம் லேபிலேயே போய்க் கொடுப்பது என்று ஆயிற்று. கிராமத்தில் இருந்துகொண்டு இந்த நோயைப் பார்ப்பவர்களுக்கு மருந்தின் விலையைவிட, சரியான ஒரு எண்ணை வாரத்துக்கு ஒருமுறை பெறுவதுதான் பெரும்பாடு. இதை எந்தத் திட்டத்திலும் யாரும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கீமோ முடிந்து, ஆடிக்கு முன்பாகக் குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். பை போயிற்று. முதல் சில வாரங்கள் அப்பா கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக ஓடினார். அது மெல்லச் சரியாயிற்று. பெருங்குடல் பழைய வேலையை எடுத்துக்கொண்டதும் சோடியம் நின்றது, பொட்டாசியம் 4க்கு மேலே போய் அங்கேயே இருந்தது, சிரப் பாட்டிலைத் தூக்கி எறிந்தோம். எடை கூடியது. கூடவே ரத்தக்கொதிப்பும் ஏறியது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரப் பரிசோதனையில் டாக்டரம்மா பட்டையைக் கையில் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைக்கணும் ஐயா" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "நீங்கதானம்மா உப்பு தின்னச் சொன்னது?"

"அது பை இருந்தப்ப."

"பை போனதுக்கு ஊறுகாய் தின்னலாம்னுல்ல நெனச்சேன்."

"இன்னைக்கு பி.பி. நூத்தி அறுபத்தி நாலு. நூத்தி முப்பதுக்கு வந்துட்டுக் கேளுங்க" என்று சொல்லி, டெல்மிசார்ட்டனை மறுபடி எழுதிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தார்.